எடிஸ்டோனில் யாரும் இல்லை

நாள் 1. காலை 06.10
விளக்கு: எரிகிறது. காற்று டப்பா: 11.

லென்ஸ் துடைத்தாயிற்று. பனித்தூள் அரை மில்லிமீட்டர், வழக்கம்போல. வெளிச்சம் இரண்டு குட்டை, ஒரு நெட்டை, பிறகு ஒன்பது வினாடி இருட்டு. சனிக்கோளின் வளையத்தில் இருக்கும் இடைவெளியைக் கடக்கிற கப்பல் எதுவானாலும், இந்த வெளிச்சத்தைக் கண்டால் இது எடிஸ்டோன், இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் வழி என்று தெரிந்துகொள்ளும். லென்ஸில் பனித்தூள் படிந்தால் வெளிச்சம் கோணிவிடும். ஆகவே தினமும் காலை ஆறு மணிக்கு வெளியே போய்க் கையால் துடைக்க வேண்டும்.

குரூஸ் அண்ணன் ஐந்து மணிக்கு ஆளில்லாப் படகில் டைட்டன் நிலவின் தலைமை நிலையத்துக்குப் போனார். சிறுநீரகக் கல். மனிதர் ஒன்றரை மாதமாகத் துடித்துவிட்டார். பத்து நாளில் மாற்று ஆளோடு திரும்புவதாகச் சொன்னார். அதுவரை இந்த நாட்குறிப்பில் அவர் கையெழுத்தையும் நானே போட்டுவிட வேண்டுமாம். காவலர் இருவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று நாட்குறிப்பைத் தணிக்கை செய்பவர்களுக்குத் தெரிந்தால் இரண்டு பேர் வேலைக்கும் ஆபத்து என்றார்.

போட்டேன். அவர் கையெழுத்துக்கு நீண்ட வால் உண்டு. அதையும் இழுத்துவிட்டேன்.

ஜெசிந்தா மச்சாது, இளைய காவலர்.
குரூஸ் மொராயிஸ், மூத்த காவலர்.

நாள் 4. மதியம் 12.00
விளக்கு: எரிகிறது. காற்று டப்பா: 10.

டப்பா ஒன்று ஒரு ஆளுக்கு நான்கு நாள். முதல் டப்பா இன்று தீர்ந்தது.

இந்தப் பாதையில் ஆறு விளக்குகள். ஆறுக்கும் பூமியின் பழைய கலங்கரை விளக்கங்களின் பெயர்: அலெக்சாண்டிரியா, ஹெர்குலிஸ், கோர்துவான், மினிக்காய், ஸ்மால்ஸ், எடிஸ்டோன். பெயர் வைத்த குழுவில் எவருக்கும் துணிந்து பெயர் வைக்கத் தெரிந்த அளவுக்கு வரலாறு தெரியாது போலிருக்கிறது. ஸ்மால்ஸ் கதை தெரிந்திருந்தால் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள்.

வேல்ஸ் நாட்டுக்கு வெளியே நடுக்கடலில் ஒரு பாறை. இரண்டு காவலர்கள். இருவருக்கும் ஆகாது, ஊருக்கே தெரியும். ஒருவன் செத்துப்போனான். பிணத்தைக் கடலில் போட்டால் கொலை செய்தான் என்பார்களே என்று பயந்து, மற்றவன் அதைப் பெட்டியில் வைத்து வெளியே கட்டிவிட்டான். புயலில் பெட்டி உடைந்து பிணத்தின் கை வெளியே தொங்கிக் காற்றில் ஆடியது. போகிற கப்பல்காரர்கள் யாரோ கையசைக்கிறார் என்று நினைத்துப் போனார்கள். விளக்குதான் சரியாக எரிகிறதே, பிறகு எதற்கு நிற்க வேண்டும்? உயிரோடிருந்தவனை மீட்டபோது நண்பர்களுக்கே அவனை அடையாளம் தெரியவில்லையாம். அதன்பின் ஒரு கலங்கரை விளக்கத்துக்கு மூன்று பேர் என்று சட்டம் வந்தது.

இங்கே சிக்கனம் பண்ணி மூன்றை இரண்டாக்கினார்கள். குரூஸ் அண்ணனின் சிறுநீரகம் இரண்டை ஒன்றாக்கிவிட்டது.

அந்தக் கதையிலிருந்துதான் இந்தப் பாதையின் இரண்டு விதிகளும் வந்தன. ஒன்று: கடக்கிற கப்பல் எத்தனை காவலர்களோ அத்தனை முறை கண்சிமிட்டி வணக்கம் சொல்லும், நாங்கள் கைவிளக்கால் அதே எண்ணைத் திருப்பிச் சொல்வோம். எண் குறைந்தால் கப்பல் நின்று விசாரிக்க வேண்டும். இரண்டு: விளக்கு அணைந்தால், கடைசியாகக் கடந்த கப்பல் திரும்பி வந்து பார்க்க வேண்டும்.

ஜெசிந்தா மச்சாது.
குரூஸ் மொராயிஸ்.

நாள் 9. மாலை 18.00
விளக்கு: எரிகிறது. காற்று டப்பா: 9.

டைட்டனிலிருந்து செய்தி. குரூஸ் அண்ணன் குரல்தான். உடம்பு தேறும்வரை அவரை எடிஸ்டோன் மேசையிலேயே உட்கார வைத்திருக்கிறார்களாம். நல்லதாகப் போயிற்று. எங்கள் ஒலிபரப்பி அந்த ஒரு மேசையோடு மட்டும்தான் பேசும். கப்பல்கள் தமக்குள் பேசுவதை நாங்கள் கேட்கலாம், பேச முடியாது. மாலுமியின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

"தங்கச்சி, டாக்டர் இன்னும் விடல. அடுத்த வியாழக்கெழம படகு வருது. லென்ஸ மட்டும் பாத்துக்க. நாப்பத்தொண்ணாம் நாளு எட்டுக் கப்பலு வருது, குடியேறப் போற சனம் முந்நூத்திச் சொச்சம் பேரு. தொடைக்கிறத விட்டுறாத."

துடைப்பதை என்றைக்கு விட்டேன்? சிரித்துக்கொண்டேன்.

ஜெசிந்தா மச்சாது.
குரூஸ் மொராயிஸ்.

நாள் 12. காலை 11.20
விளக்கு: எரிகிறது. காற்று டப்பா: 8.

ஒரு சின்னப் பனிக்கப்பல் கடந்தது. வணக்கம் சொல்லவில்லை. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். மரியாதை தெரியாத ஜென்மம்.

ஜெசிந்தா மச்சாது.
குரூஸ் மொராயிஸ்.

நாள் 15. காலை 06.30
விளக்கு: எரிகிறது. காற்று டப்பா: 8.

இன்றோடு என் விடுப்பு முடிந்திருக்கும். அறுபது நாள். குரூஸ் அண்ணன் போவதற்கு நாற்பத்தைந்து நாள் முன்பு என்னை ஏற்றிக்கொள்ளப் படகும் வந்தது. பெட்டி கட்டி, உடுப்பு மாட்டி நின்றேன். அன்றைக்குத்தான் குரூஸ் அண்ணனுக்கு முதல் வலி. தரையில் சுருண்டு கிடந்தவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? படகை வெறுமையாக அனுப்பினேன். விடுப்பை மாற்றிக்கொள்வது காவலர்களுக்குள் சகஜம். எழுதிக் கேட்டால் ஆறு படிவம் நிரப்பச் சொல்வார்கள் என்று எவரும் தலைமையிடம் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. அவர் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

வியாழக்கிழமை வந்து போயிற்று, படகு வரவில்லை. "எஞ்சின் ரிப்பேர் தங்கச்சி" என்று ஒரு வரி.

ஜெசிந்தா மச்சாது.
குரூஸ் மொராயிஸ்.

நாள் 22. மாலை 18.10
விளக்கு: எரிகிறது. காற்று டப்பா: 6.

படகு இல்லை. இன்னொரு கப்பல் கடந்தது, அதுவும் வணக்கம் சொல்லவில்லை. வெளியே துடைக்கப் போகும்போதெல்லாம் லென்ஸுக்கு மேலே மடங்கிக் கிடக்கும் தானியங்கித் துடைப்பானைப் பார்த்து நாலு வசை விடுகிறேன். ஆறு மாதம் முன்பு பொருத்தினார்கள். இரண்டு நாள் ஓடியது. குளிரில் அதன் ரப்பர் வெடித்து அன்றிலிருந்து கிடப்பில். அது ஓடியிருந்தால் எனக்கு வேலை இல்லை என்பதும் உண்மைதான்.

காற்றைக் கணக்குப் பார்த்துச் சொன்னேன். அண்ணன், "கப்பலு வரைக்கும் காணும்லா?" என்று கேட்டார். காணும், அதுவரை போதும் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என்ன என்று அவர் கேட்கவில்லையே என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஜெசிந்தா மச்சாது.
குரூஸ் மொராயிஸ்.

நாள் 29. காலை 07.45
விளக்கு: எரிகிறது. காற்று டப்பா: 4.

விளக்குப் பட்டியலின் புதிய பதிப்பு வந்தது. கப்பல்களுக்கும் விளக்குகளுக்கும் தானாகவே போய்ச் சேரும் பட்டியல் இது. எவரும் நிறுத்த முடியாது. நிறுத்த முடிந்திருந்தால் குரூஸ் நிறுத்தியிருப்பார்.

அப்படியே படியெடுக்கிறேன்:

"எடிஸ்டோன். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. தானியங்கித் துடைப்பான் செயல்பாட்டில். காவலர்: இல்லை. ஆளில்லா விளக்கு, வணக்கம் தேவையில்லை. சான்றளித்தவர்: மூத்த காவலர் குரூஸ் மொராயிஸ்."

ஆளில்லா விளக்காக்கப்பட்ட தேதி, அவர் படகேறிய நாள். கப்பல்களுக்கு அன்றே அறிவிப்பு போயிருக்கும்; அதனால்தான் எவரும் வணக்கம் சொல்லவில்லை.

கடைசிப் பக்கத்தில் பணியாளர் மாற்றங்கள். "ஜெசிந்தா மச்சாது, இளைய காவலர். விடுப்பில் சென்றவர் திரும்பவில்லை. பணிநீக்கம்."

நான்கு முறை படித்தேன். வேலைக்கு வரவில்லை என்று என்னை நீக்கியிருக்கிறார்கள். எழுபது நாளுக்கு மேலாக இந்த விளக்கில் வேலை பார்த்த ஒரே ஆள் நான்தான். சிரிப்பு வந்தது. பிறகு எழுந்துபோய்க் காற்று டப்பாக்களை மறுபடி எண்ணினேன்.

ஜெசிந்தா மச்சாது.

வால் வைத்த கையெழுத்து இனி இல்லை. இதைக் கண்டெடுப்பவர் கவனிக்கவும்: முதல் நாளிலிருந்து இங்கே குரூஸ் மொராயிஸ் என்று இருப்பதெல்லாம் நான் போட்டது. மனிதர் இங்கே இல்லை. அவரைக் கொன்று புதைத்தேனா என்று தேட வேண்டாம்.

நாள் 30. காலை 08.00
விளக்கு: எரிகிறது. காற்று டப்பா: 4.

மூன்று முறை அழைத்தேன். நான்காவதற்கு எடுத்தார். பட்டியலைப் படித்துக் காட்டினேன். பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

"ரெண்டு நாளு ஓடுச்சு தங்கச்சி. ஓடினத நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டேன். பெறவுதான் ரப்பரு வெடிச்சுது. அதச் சொன்னா வெசாரணை முடியுற வரைக்கும் இந்த எட்டுக் கப்பலும் போவாது. எம் மவ அதுல போறா, புள்ளத்தாச்சி. நானும் போறேன். பத்தொம்போது வருசம் இந்த இருட்டுல கெடந்துட்டேன்."

அப்படியானால் வலி? கல்? ஒன்றரை மாதம் சுருண்டு கிடந்தது? கேட்டேன்.

"கல்லு நெசந்தான். அது முதல் வாரமே போயிட்டு."

என் படகை நான் வெறுமையாக அனுப்பியதிலிருந்தே இவருக்கு வழி தெரிந்துவிட்டது. துடைக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை ஏட்டில் இருக்கக் கூடாது. ஏட்டில் இல்லாத கையாக என்னை நானே ஆக்கிக் கொடுத்திருக்கிறேன்.

"கப்பலு கடந்த பெறவு நானே சொல்லி ஆளனுப்பச் சொல்லுதேன். பனிமய மாதா மேல சத்தியம்."

பனிமய மாதா எங்கள் தூத்துக்குடித் தாய். அவள் பெயரை இந்தப் பனிக்குள் வைத்து விற்கிறார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடட்டும், பிள்ளைத்தாய்ச்சி மகளுக்காக ஆடட்டும். கூட மூன்று வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவளுக்காக ஒரு விரலாவது ஆட வேண்டாமா?

எடிஸ்டோன் கதையும் நினைவுக்கு வருகிறது. முதல் கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்தவனைப் பிரெஞ்சுக் கப்பல்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்களாம். இரண்டு நாட்டுக்கும் அப்போது போர். பிரான்சு ராஜா கேள்விப்பட்டு, எனக்குப் பகை இங்கிலாந்தோடுதான், மனிதர்களோடு இல்லை என்று அவனை விடுவித்து அனுப்பினான். எதிரி ராஜா விட்டான். அண்ணன் விடவில்லை.

ஜெசிந்தா மச்சாது.

நாள் 34. மாலை 18.00
விளக்கு: எரிகிறது. காற்று டப்பா: 3.

அழைத்தேன். ஒரு இயந்திரக் குரல்: "இந்த மேசை மூடப்பட்டது. ஆளில்லா விளக்குகளுக்கு உரையாடல் இணைப்பு தேவையில்லை."

அண்ணன் கப்பலேறப் போய்விட்டார். ஆளனுப்பச் சொல்லவும் இல்லை. சொன்னால் தன் சான்றிதழ் பொய் என்று ஆகும். வேலிக்கு ஓணான் சாட்சி. அந்த வேலிக்குள் நான்.

துடைக்காமல் விட்டால் என்ன என்று நேற்று முழுக்க யோசித்தேன். இரண்டு நாளில் வெளிச்சம் இடப்பக்கம் கோணும். கப்பல்கள் பாறைக்குள் போகும். அவரும் போவார். கூட முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் போவார்கள். அதில் இன்னும் பிறக்காத ஒன்றும் உண்டு. ஆறு மணிக்கு எழுந்துபோய்த் துடைத்துவிட்டு வந்தேன். துடைக்கும்போது அழுதால் தலைக்கவசத்துக்குள் கண்ணீர் எங்கும் போகாது, அப்படியே கண்மேல் உட்கார்ந்துகொள்ளும். இதையும் தெரிந்துகொண்டேன்.

ஜெசிந்தா மச்சாது.

நாள் 41. மதியம் 14.05
விளக்கு: எரிகிறது. காற்று டப்பா: 1.

முதல் கப்பல் கடந்தது. லென்ஸ் கண்ணாடியாக இருக்கிறது. வணக்கம் இல்லை.

14.40. மூன்றாம் கப்பல். மாலுமி முதல் கப்பலோடு பேசுவது கேட்டது. குரூஸ் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வதாகவும், அவர் இருப்பது பெரிய பலம் என்றும் சொன்னான். கைவிளக்கை அடித்துக்கொண்டே இருந்தேன். மாலுமிகளுக்கு எங்கள் பக்கம் பார்க்க அவசியம் இல்லை, பெரிய விளக்கைக் கருவி பார்த்துக்கொள்ளும்.

15.40. ஏழாவதும் போயிற்று.

15.52. எட்டாவது. கண்சிமிட்டியது. இரண்டு முறை.

பழக்க தோஷம். எந்தப் புண்ணியவானோ, பட்டியலைப் படிக்காமல் பழைய பழக்கத்தில் வணக்கம் சொல்லிவிட்டான். ஒன்று என்று பதில் சொன்னேன். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று.

15.55. வானொலியில் கேட்டது:

"எட்டாங் கப்பல் சோலைராஜ் பேசுறேன். எடிஸ்டோன்ல இருந்து ஒத்தை வெளிச்சம் பதில் வந்துச்சு. மூணு தடவை. அங்க யாராச்சும் இருக்காங்களா?"

"அது ஆளில்லா விளக்குப்பா. பட்டியலப் பாரு."

"இல்லண்ணே, கையால காட்டுன மாதிரி இருந்துச்சு. குரூஸ் அண்ணாச்சி அங்க இருந்தவர்தான, அவர்ட்ட கேளுங்க."

மூன்றாம் கப்பலிலிருந்து அவர் பதில் வருவதற்குள் நான் அவரை மன்னித்துவிட்டேன் என்றுகூட எழுதலாம். இருக்கிறாள் என்று ஒரு சொல் வந்தால் போதும் என்று நின்றேன்.

"தொடைப்பான் கம்பியில வெளிச்சம் பட்டுத் தெறிச்சிருக்கும் தம்பி. அங்க யாரும் இல்ல."

16.01. எட்டாம் கப்பல் கடைசிப் பாறையைத் தாண்டிவிட்டது. இனி வளைவு வரை பன்னிரண்டு நிமிடம் விளக்கு அவன் கண்ணில் இருக்கும். விளக்கு இல்லாமல் போனாலும் அவனுக்கு அங்கே ஆபத்து இல்லை.

விளக்கை அணைத்தேன். என் மூன்று வருடத்தில் முதல் தடவை.

16.04. "எடிஸ்டோன் அணைஞ்சுருச்சு. கடைசிக் கப்பல் நான்தான். சட்டப்படி நான் திரும்பிப் பாக்கணும்."

"வேண்டாம் தம்பி, அது..."

"சட்டம்ண்ணாச்சி."

திரும்புகிறான். முன்விளக்கு என் பக்கம் வருகிறது. சோலைராஜ், நீ நன்றாக இருக்க வேண்டும் ராசா. உடுப்பை மாட்டிக்கொண்டேன்.

16.08. உடுப்பைக் கழற்றினேன்.

அவன் நேராகக் குறுக்குப் பாறைக்கு வருகிறான். விளக்கு எரிந்தால் அது எங்கே என்று தெரியும். இருட்டில் தெரியாது. அவன் முன்விளக்கு பாறையைத் தொடும்போது நிறுத்த நேரம் இருக்காது. இந்தச் சட்டத்தை எழுதியவர் இந்த இடைவெளியை நேரில் பார்த்ததில்லை. அவன் கப்பலில் நாற்பத்தொரு பேர். இன்னும் நான்கு நிமிடம். ஏற்றினால் திரும்பிவிடுவான். ஏற்றாவிட்டால் என்னிடம் வந்து சேரவே மாட்டான்.

16.09. ஏற்றினேன்.

16.10. "எரிஞ்சுருச்சு. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. சரியாத்தான் இருக்கு."

"நான் சொல்லல? இது பழைய கோளாறு தம்பி. தானா அணையும், தானா எரியும். இன்னும் ரெண்டு தடவ அணையும், பயப்படாத. நாப்பது உசுர வச்சிட்டு அங்கன போயிராத."

"ஒரு எட்டு பாத்துட்டு வந்துரட்டுமாண்ணே? மனசு கேக்கல."

"வந்துரு தம்பி. அங்க யாரும் இல்ல."

திரும்பிவிட்டான்.

அவருக்கு என்னைத் தெரியும். இருட்டில் ஒரு கப்பலை விடமாட்டேன் என்று தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அப்படிச் சொன்னார். என்னைப் பற்றி அவர் பொய் சொல்லாத ஒரே இடம் அதுதான்.

16.21. அவன் கடைசிப் பாறையைத் தாண்டியதும் மறுபடி அணைத்தேன்.

"அண்ணாச்சி சொன்ன மாதிரியே அணைஞ்சுருச்சு."

யாரோ சிரித்தார்கள். யாரும் திரும்பவில்லை.

16.33. வளைவு. வானொலியில் இரைச்சல்.

நாள் 43. நேரம் பார்க்கவில்லை
விளக்கு: அணைந்திருக்கிறது.

தலைவலி. எழுத்து கோணுகிறது; இந்த முறை கோணுவது லென்ஸ் இல்லை, நான்.

அட்டவணைப்படி அடுத்த கப்பல்கள் தொண்ணூறு நாள் கழித்து. பட்டியலில் துடைப்பான் ஓடுகிறது என்று இருக்கும். விளக்கை எரியவிட்டுப் போனால் பனித்தூள் படிந்து, கோணல் வெளிச்சம் அவர்களைப் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போகும். அணைத்து மட்டும் வைத்தாலும் டைட்டனிலிருந்தே ஏற்றிவிடுவார்கள். அதனால் சுத்தியலால் அடித்துவிட்டேன். மூன்று அடி. லென்ஸில் ஒன்று, விளக்கில் இரண்டு. அடிக்கும்போது அழவில்லை, கோபம்தான் இருந்தது, நல்ல கோபம், இன்னும் இருக்கிறது.

இடைவெளிக்கு வெளியேயே இருட்டைப் பார்த்து அவர்கள் நிற்பார்கள். ஆள் அனுப்புவார்கள். அந்த ஆள்தான் நீங்கள்.

ஸ்மால்ஸில் அவன் விளக்கைக் கடைசிவரை அணைக்கவில்லை. நானும் நாற்பது நாள் அணைக்கவில்லை. எரிகிற விளக்கை யாரும் வந்து பார்ப்பதில்லை.

துடைப்பானைப் பாருங்கள். ரப்பர் வெடித்திருக்கும். அது நான் உடைத்தது இல்லை. கைத்துணி அதன் பக்கத்தில் தொங்குகிறது. இரண்டையும் எடுத்துப் போங்கள்.

சோலைராஜைக் கண்டால் சொல்லுங்கள், அவன் கண் சரியாகத்தான் பார்த்தது என்று.

நீங்கள் படிக்கும்போது குரூஸின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கும். நன்றாக இருக்கட்டும். அதன் மேல் எனக்கு

நாள் 44
விளக்கு: உடைந்தது. காற்று: டப்பா காலி.
எடிஸ்டோனில் காவலர் எண்ணிக்கை: ஒன்று.

ஜெசிந்தா மச்சாது, இளைய காவலர்.

மூத்த காவலர் கையெழுத்து: மூன்றாம் கப்பலில் போகிறார். அவரிடமே வாங்கிக்கொள்ளவும்.